யாரும் கிட்டே போகவில்லை

டிச. 9, திங்கள்

காலை முதல் மூட்டம். மழை இல்லை, புழுக்கம் மட்டும். பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை லாரி குறுக்கே நின்றதால் ஆட்டோக்காரர் பாதி வழியில் இறக்கிவிட்டார். கேஸ் புக் செய்ய வேண்டும். மூட்டு வலி மாத்திரை தீர்ந்தது. வாய்க்கால் தூர்வாரல் பற்றிய செய்தி அனுப்பியாயிற்று, பாதியை வெட்டுவார்கள்.

சாயங்காலம் எங்கள் லைன் வீடுகளுக்குள் நுழையும்போதே மூன்று வாசலில் இருந்து மூன்று பேர் சொன்னார்கள். எதிர்வீட்டு முருகேசன் சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டே குடித்துவிட்டானாம். பஜனையில் பூஜைத் தட்டோடு விழுந்தானாம். குருசாமி எல்லோர் முன்னாலும் மாலையைக் கழற்ற வைத்துவிட்டாராம்.

முருகேசனா? நான் கல்யாணமாகி இங்கே குடிவந்த நாளில் இருந்து எனக்கு எதிர்வீடு. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் மீது கள்ளு வாடை அடித்தால் இலையோடு எழுந்து வேறு இடம் போகிறவன்.

போய்ப் பார்த்தேன். பாயில் கிடந்தான். கறுப்பு வேட்டி, வெறும் கழுத்து. விடாத விக்கல். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“ரெண்டு பேரா நிக்கிறீங்க அக்கா” என்றான். நாக்கு தடித்திருந்தது. இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டி, “மூஞ்சி இந்தப் பக்கம் இல்ல.”

குனிந்து வாயருகே மோந்தேன். வாந்தி வாடை, கற்பூர வாடை. வேறொன்றும் இல்லை. பத்திரிகைச் செய்திக்காகப் போலீஸ் ஸ்டேஷனிலும் விபத்து வார்டிலும் பாதி ஆயுள் போயிருக்கிறது. அந்த வாடை எனக்குத் தெரியாமல் போகாது.

அவன் மனைவி செல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலையில் வேலைக்குப் போன இடத்திலேயே தள்ளாடினான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். மத்தியானம் வாந்தி. பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். ‘நேத்து எவ்வளவு ஊத்தினே?’ என்று கேட்டு, ஒரு ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். பஜனைக்குப் போகாதே என்று இவள் சொல்லியும், இன்று விளக்கேற்றும் முறை தன்னுடையது என்று போயிருக்கிறான்.

ஆட்டோ பிடித்தேன். எறணாகுளம் ஆஸ்பத்திரிக்கு. தோப்பும்படிப் பாலத்தில் நெரிசல். வழியெல்லாம் விக்கல்.


டிச. 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்து எழுதுகிறேன். சாயா நன்றாக இருக்கிறது, பழம்பொரி நேற்றையது.

நேற்றே சி.டி., இன்று காலை எம்.ஆர்.ஐ. மூளைத்தண்டில் ரத்தக்கசிவு. காரணம், அங்கே உள்ள ஒரு ரத்தக்குழாய்க் கோளாறு. பெயர் கேவர்னோமா.

டாக்டர் இளம் பெண். பொறுமையாக மலையாளத்தில் சொன்னார், படமும் வரைந்தார். ரத்தக்குழாய்கள் சரியாக உருவாகாமல், மெல்லிய சுவருள்ள குட்டிப் பைகளாக, நாவல்பழக் கொத்துப் போல் திரண்டிருக்கும். உள்ளே ரத்தம் வேகமில்லாமல் மெதுவாக நகரும். அதனால் ஆஞ்சியோவில் பெரும்பாலும் பிடிபடாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். பலருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாது. சிலருக்கு ஒரு நாள் கசியும்.

இது பக்கவாதமா என்று கேட்டேன். ஆமாம், ரத்தம் கசிந்து வருகிற வகை என்றார். அடைப்பினால் வருவதுதான் அதிகம். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். அடைப்பு என்று நினைத்து ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்தைக் கொடுத்தால் கசிவு அதிகமாகலாம். அதனால்தான் முதலில் ஸ்கேன்.

கொத்து சின்னது. இடம்தான் மோசம். கண் அசைவு, முகத்தின் தொடு உணர்வு, விழுங்கல், நடை, மூச்சு, எல்லாம் கட்டைவிரல் பருமனுள்ள அந்தத் தண்டு வழியாகத்தான் போக வேண்டும். நான் புரிந்துகொண்ட விதம்: தோப்பும்படிப் பாலம். நடுவில் ஒரு ஸ்கூட்டர் விழுந்தால் சுள்ளிக்கல் வரை வண்டி நிற்கும்.

இப்போது என் கணக்கு:

தள்ளாட்டம் – தண்டில் கசிவு. லைனில் சொன்னது: குடி.
நாக்குக் குழறல் – அதே. லைனில்: குடி.
விக்கல் – அதே. லைனில்: குடி.
வாந்தி – அதே. கிளினிக்கில் சொன்னதும்: குடி.
எல்லாம் இரண்டாகத் தெரிந்ததால் ஒரு கண்ணை மூடிக்கொண்டான். லைனில்: பஜனைக்கு வந்த பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தான்.

கடைசியை எழுதும்போது பேனா அழுந்திக் காகிதம் கிழிந்தது.

மறுபடி கசியுமா? கசியலாம் என்றார் டாக்டர். எப்போது, எவ்வளவு? ஆளுக்கு ஆள் மாறும், பொய்யாக ஒரு எண் சொல்ல மாட்டேன் என்றார். அவர் மேல் மரியாதை வந்தது.

செல்விக்கு இதெல்லாம் முழுதாக ஏறியதா தெரியவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “அப்போ அவர் குடிக்கலன்னு டாக்டர் சொல்லிட்டாங்கல்ல அக்கா? அத லைன்ல யார் சொல்றது?”


டிச. 11, புதன்

வெயில். தொண்டை கரகரப்பு. எல்லா வேலையையும் தள்ளிவைத்தேன்.

கள்ளு வாடையை மோந்தது யார்? ஒரு செய்தி என்றால் இதைத்தான் முதலில் கேட்பேன். இதற்கும் அதையே கேட்டேன்.

முதல் வாசல்: நான் மோக்கவில்லை, பஜனை பாடுகிற மாதவன் சொன்னார். இரண்டாம் வாசல்: மாதவன் சொன்னார். மூன்றாவது: லைனே சொல்கிறது, இதில் என்ன விசாரணை?

மாதவன் ஹார்மோனியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தான் மோக்கவில்லை என்றார். தட்டு விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினாராம். குருசாமியே கழற்றச் சொன்ன பிறகு, இவர் மோந்து என்ன ஆகப்போகிறது?

குருசாமியின் தையல் கடை கார்ப்பரேஷன் ஹெல்த் ஆபீசுக்கு எதிரே. வருஷம் தவறாமல் மலைக்குப் போகிறவர். இருபது முப்பது பேருக்கு மாலை போட்டுவிடுகிறவர். கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னேன். ஊசியைத் துணியில் குத்தியபடி கேட்டார். அது வியாதியாகவும் இருக்கலாம், குடித்ததால் வந்த வியாதியாகவும் இருக்கலாமே என்றார். இல்லை, குழாய் உருவானதிலேயே கோளாறு என்றேன். சரி, நல்லபடி ஆகட்டும் என்று சரணம் சொன்னார்.

“நீங்க மோந்தீங்களா?” என்றேன்.

“என்ன பேச்சு இது சேச்சி. விரதத்துல இருக்கிற நாங்க கள்ளு குடிச்சவன் கிட்டப் போலாமா? எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னேன். நானும் தள்ளி நின்னுதான் கழட்டச் சொன்னேன்.”

அதாவது, குடித்திருக்கிறான் என்பதால் யாரும் கிட்டே போகவில்லை. கிட்டே போகாததால் குடிக்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. அத்தனை சாமிகளும் சுற்றிலும் வட்டமாகத் தள்ளி நிற்க, நடுவில் மூளையில் ரத்தம் கசிகிற ஒருவன் நடுங்கும் கையால் தன் மாலையைத் தானே தலைவழியாகக் கழற்றியிருக்கிறான். இரண்டு முறை காதில் மாட்டிக்கொண்டதாம். அப்போது யாரோ சிரித்தார்களாம். இதையும் குருசாமியேதான் சொன்னார், ஒளிக்காமல்.

பின்னே குடி என்று எப்படித் தெரிந்தது? காலையிலேயே முருகேசனின் சூப்பர்வைசர் கடைக்கு வந்து சொன்னாராம்.

நாளைக்கு சூப்பர்வைசர். இன்று போனால் கத்திவிடுவேன்.


டிச. 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. சூப்பர்வைசர் லீவு. கேஸ் வந்தது.

இன்று பார்த்தேன். சின்ன வயது, பள்ளுருத்திக்காரர், மரியாதையாக நாற்காலி போட்டார். திங்கள் காலை முருகேசன் குப்பை வண்டியை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போய் மதிலில் இடித்தானாம்.

“ஆள் ஃபுல் பூஸ் ஆயிருந்நு சேச்சி. போய்க் கிடந்நு உறங்கிக்கோ சாமீன்னு ஞான் பறஞ்ஞு.”

போதை என்பதற்கு இந்த ஊரில் பூஸ் என்பார்கள். மோந்தீர்களா என்றேன். எதற்கு, நடையைப் பார்த்தாலே தெரியாதா என்றார். மாலை போட்ட பிறகு, அதற்கு முன், எப்போதாவது குடித்து வந்திருக்கிறானா? யோசித்தார். இல்லை. பின்னே ஏன் அப்படித் தோன்றியது?

இந்த வேலை செய்கிறவர்கள் குடிப்பார்கள்தானே, நாற்றத்தில் நிற்க வேண்டாமா, என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார்.

ஆக, ஆரம்பம் இங்கே. ஒரு நடை, ஒரு வேலை. இதே நடையோடு ஹெல்த் ஆபீசர் காரில் இருந்து இறங்கியிருந்தால் தாங்கிப் பிடித்திருப்பார்கள், ஆம்புலன்ஸ் வந்திருக்கும். முருகேசனுக்குக் கிடைத்தது, போய்த் தூங்கு.

ஆஸ்பத்திரி: விழுங்க முடியவில்லை. மூக்கு வழியாகக் குழாய். டாக்டர் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். கொத்து ஒன்றுக்கு மேல் தெரிகிறதாம், மூளையில் வேறிடங்களிலும் சின்னதாக. அப்படி இருந்தால் பரம்பரையாக வருவதாகவும் இருக்கலாம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது வலிப்பு, பக்கவாதம்?

செல்வி தயங்கித் தயங்கிச் சொன்னாள். மாமனார், முருகேசனின் அப்பா, பள்ளுருத்தியில் வாய்க்காலில் விழுந்து இறந்தார். குடிகாரர் என்று பெயர். குடிப்பார், உண்மைதான். ஆனால் கடைசி நாட்களில் குடிக்காமலே தள்ளாடினார், சோற்றுத் தட்டு இரண்டாகத் தெரிகிறது என்பார், அன்றைக்கு ஒரு சொட்டுத் தொடவில்லை என்று மாமியார் சாகிற வரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பாவின் அந்தப் பெயருக்குப் பயந்துதான் முருகேசன் கள்ளு வாடை அடித்தாலே எழுந்து ஓடுகிறான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். இருக்கலாம், இப்போது சொல்ல முடியாது என்றார்.

எனக்கும் தெரியாது. ஆதாரம் இல்லை, செய்திக்கு ஆகாது. ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததில் வெளியே என்ன பார்த்தேன் என்று நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட இருந்த முருகேசனின் மகள் ரம்யா, காக்கநாட்டில் வேலைக்குச் சேர்ந்து சில மாதம்தான், குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்: “அப்போ எனக்கும் ஸ்கேன் எடுக்கணுமா ஆன்ட்டி?” எடுத்துப் பார்ப்பது நல்லது என்றார் டாக்டர். செல்வி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் அழவில்லை. வேறு யாரையோ கிண்டல் செய்வது போல, “நல்லவேளை, நான் குடிக்கிறது இல்ல” என்றாள். செல்வியே சிரித்துவிட்டாள்.


டிச. 15, ஞாயிறு

மீன் வாங்கவில்லை. விரத வீடுகள் சுற்றிலும், வாடை போகக்கூடாது. இன்று அந்த மரியாதை கூடக் கசக்கிறது.

பத்திரிகை டெஸ்க்கிற்குக் கட்டுரை அனுப்பினேன். பெயர்கள் இல்லை, ஊர் மட்டும். மாலை கழற்றிய இடம், வட்டமாகத் தள்ளி நின்றது, சூப்பர்வைசர் சொன்னது, எல்லாம் உண்டு. டெஸ்க்கில் இருந்து போன். சீசன் நேரம் சேச்சி, மாலை விஷயம் வேண்டாம். துப்புரவுத் தொழிலாளி என்பதும் வேண்டாம், யூனியன் வரும். நடுத்தர வயதுக்காரர் என்று போடலாமா?

மாலையும் இல்லை, வேலையும் இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது என்றேன். “நோய் இருக்கல்லோ” என்றான் அந்தப் பையன்.

நோயை மட்டும் எழுத நான் தேவையில்லை. நாவல்பழக் கொத்து யார் மேலும் கோபப்பட முடியாத விஷயம். அது பாட்டுக்கு இருந்தது, கசிந்தது. எழுத வேண்டியது அதற்குப் பிறகு நின்றவர்களைப் பற்றி.

விக்கல் நின்றது. இது டாக்டருக்குப் பெரிய சந்தோஷம்.


டிச. 18, புதன்

காலையில் சாரல். குடை ஆபீசில்.

கட்டுரை வந்திருக்கிறது. தலைப்பு: பக்கவாதம், அலட்சியம் வேண்டாம். பக்கத்தில் பெட்டிச் செய்தியாக அறிகுறிகள். சிரித்த முகத்தோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் படம். என் பெயர் கீழே. வெட்டி ஒட்டி வைக்கும் வழக்கம் உண்டு. இதை வைக்கவில்லை.

ஆனாலும் பெட்டியில் ஒரு வரி தப்பியிருக்கிறது: ‘திடீரென்று தள்ளாடுகிறவர் குடித்திருக்கிறார் என்று முடிவுகட்டாதீர்கள்.’ டெஸ்க் கவனிக்கவில்லை போல.

ஆபரேஷன் இப்போது இல்லை. மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து பேசினார்கள். கொத்து தண்டின் உள்ளே இருக்கிறது. அதை எடுக்க நல்ல இடத்தைக் கீறிக்கொண்டு போக வேண்டும். மறுபடி கசிந்து, கொத்து மேற்பரப்பை எட்டினால் யோசிக்கலாம். தொட்டாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்து. இப்போதைக்கு விடுவது மேல். பயிற்சி, மறு ஸ்கேன், காத்திருப்பு.

ஆக, எல்லாம் தெரிந்துகொண்டு அந்த வீட்டுக்கே திரும்பி வர வேண்டும். நாளைக்கோ பத்து வருஷம் கழித்தோ மறுபடி தெருவில் தள்ளாடினால் அவனை யார் தூக்குவார்கள்? இந்த லைன். அன்றைக்கும் இவர்கள் தள்ளி நின்றால் செத்துப்போவான். மானப் பிரச்சினை மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. லைன் என்ன நம்புகிறது என்பதில் அவன் உயிர் இருக்கிறது.

இதைச் செல்வியிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் ஸ்கேன் வந்த அன்றே சொல்லிவிட்டாள், வேறு வார்த்தையில்: லைனில் யார் சொல்வது என்று.

லைனில் இப்போது பேச்சு மாறியிருக்கிறது. ‘பாவம், வியாதியும் இருந்திருக்கு.’ வியாதியும். அந்த ‘உம்’மை யாராவது எடுக்க வேண்டும்.


டிச. 20, வெள்ளி

நல்ல காற்று. மாத்திரை வாங்கினேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. குழாயை எடுத்துவிட்டார்கள். கஞ்சி கெட்டியாக இருந்தால் விழுங்குகிறான், தண்ணீர்தான் புரையேறுகிறது. பேச்சு குழறலாக, ஆனால் புரிகிற மாதிரி. ஒரு கண்ணுக்குப் பஞ்சு வைத்து மூடியிருக்கிறது. எழுந்து நிற்க இரண்டு பேர் வேண்டும்.

நான் இருக்கும்போதே குருசாமி வந்தார். தனியாக. கறுப்பு வேட்டி, கையில் ஆரஞ்சுப் பை. பெட்டிச் செய்தியை யாரோ கடையில் படித்துக் காட்டினார்களாம். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நாளை மறுநாள் பஸ் கிளம்புகிறது, நாளைக்குக் கடைசி பஜனை என்றார். கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில் நின்று மடியில் இருந்து ஒரு மாலையை எடுத்தார். புது மாலை, புது டாலர்.

சாமி மலைக்கு வர வேண்டாம், முடியாது, ஆனால் கழுத்தில் கிடக்கட்டும் என்றார். கழற்றியது தப்பாகிவிட்டது என்று சொல்லவில்லை. போட்டுவிடுகிறேன் என்றார். செல்வி என்னைப் பார்த்தாள். இதில் எனக்கு வேலை இல்லை.

முருகேசன் நல்ல கண்ணால் மாலையைப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான், வலது கை மட்டும் நேராக வந்தது. பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“மாலை அப்புறம். மொதல்ல கிட்ட வாங்க சாமி. வாய மோந்து பாருங்க.”

குருசாமி அசையவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை நிறுத்தினார். முருகேசன் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒரு பக்க உதட்டில் எச்சில் வழிந்தது, அவனுக்குத் தெரியவில்லை. செல்வி துடைக்கப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தான்.

குருசாமி மாலையைக் கட்டில் கம்பியில் வைத்தார். குனிந்தார். முகத்தோடு முகம். மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. நிமிர்ந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மருந்து வாடைதான் சாமி” என்றார்.

“அன்னிக்கும் இல்ல.”

“அன்னிக்கும் இருந்திருக்காது.”

“அத நாளைக்குப் பஜனைல சொல்லுங்க. எல்லாரும் இருக்கும்போது. சொல்லிட்டு வந்து போடுங்க.”

குருசாமி மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சொல்கிறேன் என்றாரா, தலையை மட்டும் ஆட்டினாரா? ஆட்டினார். ஆரஞ்சு பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். சொல்கிறேன் என்று வாயால் சொல்லவில்லை. எழுதி வைக்கிறேன்.


டிச. 21, சனி

வெயில். ரம்யாவுக்கு ஸ்கேன் அடுத்த வாரம்.

செல்வி பச்சைப் புடவை கட்டி வாசலில் வந்து நிற்கிறாள். பஜனை ஆரம்பித்துவிட்டது, மாதவன் குரல் இங்கே கேட்கிறது. போகிறோம். முன் வரிசையில் உட்கார வேண்டும்.